நூதனசாலைக்கு எத்தனை கொப்பி வேணும்?



இந்த வார எபிசோட் கேட்டிருப்பீங்கள். மியூசியங்களின் எதிர்காலம் எண்டு தொடங்கி, வீ.ஆர். ஹெட்செட், ஏ.ஐ. வழிகாட்டி, முப்பரிமாண ஸ்கேன் எல்லாம் சுற்றிவிட்டு முடித்தோம். எனக்குக் கதைக்க வேண்டியிருந்த விஷயம் ஒன்று அதுக்குள்ள வரவே இல்லை. இந்த மடல் முழுக்க அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், ஒரு தேத்தண்ணியோட வாசியுங்கோ.

முதலில் ஒரு சொல். தமிழ்நாட்டில் மியூசியத்தை அருங்காட்சியகம் என்பார்கள். எங்கட அம்மா அப்பாமார் பழகின சொல் நூதனசாலை. நூதனம் எண்டால் புதுமை. பழைய பொருள்களை வைத்திருக்கிற கட்டடத்துக்குப் புதுமைச்சாலை எண்டு பேர் வைத்திருக்கினம்! சின்ன வயதில் எனக்கு இது பெரிய பகிடி. இப்போது அந்தச் சொல்லில் ஏதோ இருக்கிறது போலத் தெரிகிறது. ஒரு பொருளை எடுத்து வைக்கிறவர், இன்னும் பிறக்காத ஒருவர் அதைப் புதிதாகப் பார்க்கப் போகிறார் என்று நம்பித்தானே வைக்கிறார்.

அந்த ஆளுக்காக எப்படித் திட்டமிடுவது? ஹெட்செட் விற்கிறவர்களிடம் இதுக்குப் பதில் இருக்காது. நான் கேட்கிற கேள்வி இரண்டு. இந்தக் கட்டடம் நாளைக்கு இல்லை எண்டால் என்ன மிஞ்சும்? மிஞ்சினதை ஆரால வாசிக்க முடியும்?

கட்டடம் இல்லாமல் போவது எங்களுக்குக் கற்பனை இல்லை. அதுக்குப் பிறகு வருகிறேன். முதலில் எங்கட வீட்டுக்குக் கிட்ட நடந்த கதை.

ஐந்தாவது ஸ்டேஷன்

ஆர்ச்வேயில் நோர்தேர்ன் லைன் ஏறி, பாங்க் பக்கம் போகிற ரயிலாக இருந்தால், ஐந்தாவது ஸ்டேஷன் கிங்ஸ் குரொஸ். வெளியே வந்து ஐந்து நிமிஷம் நடந்தால் பிரிட்டிஷ் நூலகம். நூலகத்தை ஏன் மியூசியக் கதைக்குள் கொண்டுவருகிறாய் எண்டு கேட்காதீங்கோ. அதுக்குள்ளேயே காட்சிக்கூடம் இருக்கிறது. பாதுகாக்கிற தலையிடியும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

2023 ஒக்டோபர் 28 அன்று அந்த நூலகத்தின் கணினிகள் முடங்கின. ரைசிடா என்ற ரான்சம்வேர் கும்பல் ஏறத்தாழ 600 ஜிகாபைட் தரவுகளைத் திருடி, 20 பிட்கொயின் கேட்டது. நூலகம் காசு கொடுக்கவில்லை. கும்பல் தரவுகளை டார்க் வெப்பில் கொட்டியது. நூலகப் பட்டியலின் ஒரு வடிவம், அதுவும் பார்க்க மட்டும் முடிந்த வடிவம், திரும்பி வந்தது 2024 ஜனவரி 15 அன்று. இரண்டரை மாதமாக, ஒரு புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று வழமையான வழியில் தேட முடியாத தேசிய நூலகம்.

2024 மார்ச்சில் நூலகமே 18 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மனந்திறந்து எழுதியிருந்தார்கள், அதுக்கு ஒரு சபாஷ். கள்ளர் உள்ளே வந்திருக்கக்கூடிய வழி, வெளியாட்கள் தூரத்திலிருந்து வேலை செய்வதற்காக 2020இல் போட்ட ஒரு சேர்வர். அதில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. உங்கட ஃபோனுக்கு ஆறு இலக்கக் கோட் வருமே, அது.

ஆனால் அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறு. டிஜிட்டல் சேகரிப்பு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பான கொப்பி இருந்தது. ஒன்றும் தொலையவில்லை. அதைத் திருப்பி இறக்கி வைக்க உருப்படியான இடம்தான் இல்லை! கும்பல் சேர்வர்களை அழித்திருந்தது. பல மென்பொருள்கள் ஏற்கெனவே காலாவதியானவை. புதிய கணினியில் அவை ஓடாது. செய்த நிறுவனமே இப்போது ஆதரவு தருவதில்லை. பெட்டி பெட்டியாகச் சாமான் பத்திரம், இறக்கி வைக்கத்தான் வீடு இல்லை.

இந்த அடியில் விழுந்ததில் ஒன்று அழிநிலை ஆவணக் காப்புத் திட்டத்தின் இணையதளம். அது 2004இல் தொடங்கிய திட்டம். உலகம் முழுக்க அழிகிற நிலையில் இருக்கிற ஏடு, பத்திரிகை, படம், ஒலிப்பதிவுகளை ஸ்கேன் செய்யக் காசு கொடுக்கும். தமிழ்ச் சேகரிப்புகளும் அதில் இருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ்நாட்டு வரலாற்றைப் பற்றிய பழைய அச்சுநூல்களை அந்தத் திட்டத்தில் டிஜிட்டலாக்கியது. லண்டனில் தளம் விழுந்தபோது உலகத்தில் எங்கிருந்தும் அதைத் திறக்க முடியவில்லை.

அந்தத் திட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு விதி உண்டு. மூலப் பொருள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. டிஜிட்டல் கொப்பி ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும். லண்டன் ஒருநாள் விழும் என்று நினைத்து அந்த விதியைப் போட்டிருக்க மாட்டார்கள். பொருளை அள்ளிக்கொண்டு போகிற பழைய பழக்கத்துக்கு எதிரான விதி அது. லண்டன் விழுந்த நாளிலோ, நியாயத்துக்காகப் போட்ட அந்த விதிதான் காப்பாகவும் நின்றது. லண்டன் சேர்வருக்கு என்ன நடந்தாலும் உள்ளூர்க் கொப்பிக்குச் சேதம் இல்லை.

எரிந்ததும் எரியாததும்

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோட ஓலைச்சுவடிகள், கையெழுத்துப் பிரதிகள். உங்களுக்கு இந்தக் கதை தெரியும். வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பீங்கள். நான் அதைத் திரும்பச் சொல்ல வரவில்லை. ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுக்கிறேன்.

யாழ்ப்பாண வைபவமாலை என்று ஒரு நூல். 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதியது. யாழ்ப்பாண அரசர்களின் கதை. அந்த நூலின் உலகத்திலேயே ஒரே பிரதி நூலகத்தோட எரிந்துபோனது என்று ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி எழுதுவார்கள். பாதி உண்மைதான். எரிந்தது கையெழுத்துப் பிரதி. நூல் போகவில்லை. 1879இலேயே அது பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்துவிட்டது. தமிழிலும் அச்சில் இருந்தது. இண்டைக்கும் நீங்கள் ஃபோனில் வாசிக்கலாம்.

அதனால் தீயின் கனம் குறையும் என்று நான் சொல்லவில்லை. கூடும். வைபவமாலை பிழைத்தது அது பெரிய நூல் என்பதால் இல்லை. ஆரோ நூறு வருஷத்துக்கு முதலே கொப்பி எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். கொப்பி எடுக்காத ஏடுகளுக்கு என்ன நடந்தது? அவற்றின் பேரைக் கூட எங்களால் சொல்லி அழ முடியாது.

பிரேசிலிலும் இப்படித்தான். 2018 செப்டெம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோ தேசிய மியூசியம் எரிந்தது. 1818இல் தொடங்கிய நிறுவனம், 200ஆவது வருஷம். அழிந்த பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அங்கே இருந்தன. அடுத்தடுத்த நாள்களில் மாணவர்களும் விக்கிப்பீடியா ஆட்களும் உலகத்தைக் கேட்டது ஒன்றே ஒன்று: நீங்கள் சுற்றுலா வந்தபோது உள்ளே எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். எங்கேயோ ஒருவரின் விடுமுறைப் படம் ஒரு தேசிய மியூசியத்தின் காப்புப் பிரதி ஆனது.

இப்ப ஒரு பழைய தொழில்நுட்பம் பற்றிச் சொல்ல வேணும், ஏன் எண்டால் இந்தப் பிரச்சினைக்கு எங்கட ஆட்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள். ஓலை நிரந்தரம் இல்லை. பூச்சி அரிக்கும், ஈரம் பிடிக்கும், ஒடியும். எங்கட காலநிலையில் சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிய காரியம். ஓலை அழியும் என்று தெரிந்ததால் ஒவ்வொரு தலைமுறையும் புதிய ஓலையில் எழுதி எடுத்தது. பழைய ஓலையை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். இது உ.வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் மனம் நொந்து எழுதுகிற விஷயம். புது ஓலை எழுதி முடித்த பிறகு பழசை ஆற்றில் விட்டால் அது ஒரு முறை. எழுதுகிற ஆள் இல்லாமல் போன பிறகும் ஆற்றில் விடுகிற பழக்கம் மட்டும் மிஞ்சியது. பாதிப் பழக்கம் முழுப் பழக்கத்தை விட ஆபத்து.

19ஆம் நூற்றாண்டில் சாமிநாதையரும், சிறுப்பிட்டியில் பிறந்து சென்னையில் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் ஊர் ஊராக ஏடு தேடினார்கள். 1887இல் ஒருவரின் சீவக சிந்தாமணி, மற்றவரின் கலித்தொகை. ஒரு ஏட்டில் செல் அரித்த வரியை இன்னொரு ஏட்டைப் பார்த்து நிரப்புவது, இரண்டும் முரண்பட்டால் மூன்றாவதைத் தேடுவது, இதுதான் அவர்களின் வேலை.

இதே வேலையைச் செய்கிற மென்பொருள் ஒன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1999 அளவில் பிறந்தது. பேர் லொக்ஸ். கொப்பி நிறைய இருந்தால் பொருள் பத்திரம் என்ற அர்த்தத்தில் வைத்த சுருக்கப் பேர். பல நூலகங்களில் இருக்கிற கணினிகள் ஒரே கோப்பின் கொப்பிகளை வைத்துக்கொண்டு, இடைக்கிடை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாக்கெடுக்கும். ஒன்றில் மட்டும் பழுது இருந்தால், மற்றவற்றிலிருந்து நல்ல பகுதியை எடுத்துத் திருத்தும். ஒப்பிடுவது செக்சம் மூலம். ஒரு கோப்பைக் கணக்குக்குள் போட்டால் நீளமான ஒரு இலக்கம் வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இலக்கம் முழுசாக மாறிவிடும். சாமிநாதையர் கண்ணால் செய்ததை இது கணக்கால் செய்கிறது. என்ன, பாடபேதம் எது சரி என்று யோசிக்க மட்டும் அதுக்குத் தெரியாது.

கொப்பி இருக்கு, வாசிக்கத் தெரியாது

எத்தனை கொப்பி இருந்தாலும் திறக்க முடியாவிட்டால் என்ன பயன்?

1086இல் இங்கிலாந்தின் முதலாம் வில்லியம் நாட்டில் ஆரிடம் எவ்வளவு நிலம், எத்தனை மாடு என்று எடுத்த கணக்கு டூம்ஸ்டே புத்தகம். இப்போது கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லத்தீன் தெரிந்தால் வாசிக்கலாம். 900 வருஷம் ஆனதைக் கொண்டாட பிபிசி 1986இல் ஒரு நவீன டூம்ஸ்டே செய்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள் தங்கட ஊரைப் பற்றி எழுதி, படம் எடுத்து அனுப்பினார்கள். எல்லாம் இரண்டு பெரிய லேசர் டிஸ்க்கில். வாசிக்க ஒரு ஏக்கோர்ன் கணினியும் அதுக்கெண்டே செய்த பிளேயரும் தேவை. பதினைந்து வருஷத்தில் அந்தப் பிளேயர் ஓடுகிற இடத்தைத் தேட வேண்டி வந்தது. 2002இல் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போல நடிக்கிற மென்பொருள் எழுதி மீட்டார்கள். 2011இல் பிபிசி அதை இணையத்தில் போட்டது. 2018இல் அந்தத் தளத்தையும் மூடி, காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது. ஆட்டுத்தோலில் எழுதினது இன்னும் கியூவில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

தமிழில் எங்களுக்கு இதே வியாதி வேறு பேரில் இருக்கிறது. பாமினி. தொண்ணூறுகளில் லண்டனிலும் டொரண்டோவிலும் பாரிஸிலும் தமிழில் ரைப் பண்ணின ஏராளமான ஆட்கள் பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். கோயில் மலர், தமிழ்ப் பள்ளி ஆண்டுமலர், கலியாணக் கார்ட், மரண அறிவித்தல். பாமினியில் 'அம்மா' என்று தெரிகிற சொல் கணினிக்குள் தமிழே இல்லை. ஆங்கில எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து அடையாளங்கள்தான். எழுத்துரு என்ற முகமூடியைக் கழற்றினால் அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பை. தேடினால் வராது. கூகுளுக்கு விளங்காது. ஏ.ஐ.க்குப் படிப்பித்தால் அதுவும் விசர் கதைக்கும்.

யூனிகோட் அப்போது இல்லையா? இருந்தது. 1991இல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளில் ஒழுங்காக வேலை செய்யப் பல வருஷம் எடுத்தது. எங்கட பெற்றோர் காத்திருக்கவில்லை, கிடைத்ததில் அடித்தார்கள். அதில் பிழை இல்லை. பாமினியை யூனிகோடாக மாற்றவும் இப்போது கருவிகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஃபைல் ஆரோ ஒரு மாமாவின் பழைய கணினியில் இருக்கிறது. கணினி கராஜில் இருக்கிறது. மாமாவுக்கு எழுபத்தைந்து வயது.

படத்தின் பின்பக்கம்

திட்டமிடலில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிற விஷயம் இனித்தான். அதுக்குச் செலவும் ஆகக் குறைவு.

ஒக்ஸ்போர்டில் அஷ்மோலியன் மியூசியம். அங்கே திருமங்கையாழ்வாரின் வெண்கலச் சிலை ஒன்று, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1967இல் லண்டன் சொதபீஸ் ஏலத்தில் வாங்கினது. 2019இல் ஒரு ஆய்வாளர் மியூசியத்துக்கு ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படக் காப்பகத்தில் 1957இல் எடுத்த ஒரு படம் இருக்கிறது. அதில் இதே சிலை கும்பகோணத்துக்கு அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் மியூசியம் தானாகவே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. 2024 மார்ச்சில் சிலையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மன்றம் இணங்கியது.

1957இல் படம் பிடித்தவர்கள் கள்ளனைப் பிடிக்க எடுக்கவில்லை. கோயில் சிற்பங்களின் வடிவங்களைப் படிக்க எடுத்தார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகு அது சாட்சியாக நிற்கும் என்று ஆருக்குத் தெரியும்? சாட்சியாக நிற்க முடிந்ததுக்குக் காரணம் கமராவின் தரம் இல்லை. எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று கூடவே எழுதி வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் வடிவான ஒரு ஆழ்வார் படம், அவ்வளவுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கக் கதையும் லண்டனிலேயே இருக்கிறது. 2023 ஓகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியம் தன் களஞ்சியத்திலிருந்து பொருள்கள் காணாமல் போயிருப்பதாக அறிவித்தது. பிறகு சொன்ன கணக்கு ஏறத்தாழ 2,000. அதில் பல, பட்டியலில் ஒழுங்காகப் பதியாத சின்னக் கற்களும் நகைகளும். பதியாத பொருள் களவு போனால் போனது என்று காட்டுவதே கஷ்டம். அதே ஒக்டோபரில், முழுச் சேகரிப்பையும் ஐந்து வருஷத்தில் இணையத்தில் பதிந்து முடிப்போம் என்று மியூசியம் அறிவித்தது. அதே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் நூலகம் விழுந்தது. ஒரு ஊர், ஒரு மாதம், இரண்டு பாடம்: எழுதி வைக்காவிட்டாலும் ஆபத்து, எழுதினதை ஒரே இடத்தில் வைத்தாலும் ஆபத்து.

ஸ்கேன் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. டிஜிட்டல் கொப்பியைக் காட்டிப் பொருளை வைத்துக்கொள்கிற கெட்டித்தனம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் பொன்முலாம் பூசிய தாரா சிலை ஒன்று, எட்டாம் நூற்றாண்டு அளவில் செய்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது. முன்னாள் ஆளுநர் பிரவுன்ரிக் 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்தார். அதை எத்தனை கோணத்தில் ஸ்கேன் பண்ணிக் கொழும்புக்கு அனுப்பினாலும் சிலை புளூம்ஸ்பரியில்தான். 1963ஆம் ஆண்டுச் சட்டம் பொருள்களை வெளியே கொடுப்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. என் கணக்கில், எதிர்காலத்துக்குத் திட்டமிடுகிற மியூசியம், பொருள்கள் உள்ளே வருவதுக்கு மட்டும் இல்லை, வெளியே போவதுக்கும் தட்டுகளைத் தயார் பண்ண வேணும். ஸ்கேன் அப்போது இங்கே இருக்கட்டும்.

ஆர்ச்வே பிளாட்டில்

இவ்வளவும் பெரிய நிறுவனங்களின் கதை. எங்கட கதையை அவர்கள் வைத்திருக்கவில்லை. லண்டனுக்கு வந்த முதல் தலைமுறையின் வாழ்க்கை, அலுமாரிக்கு மேலே பிஸ்கட் டின்னிலும் வீடியோ கசெட்டிலும் இருக்கிறது. நூலகம் திட்டம் 2005இல் தொண்டர்களோட தொடங்கி ஈழத்து நூல், பத்திரிகை, சஞ்சிகை எண்டு இணையத்தில் சேர்த்துக்கொண்டே வருகிறது. 1998 பொங்கலோட தொடங்கிய மதுரைத் திட்டம் அதுக்கும் முன்னோடி. இரண்டுமே பெரிய மியூசியம் ஆரும் கட்டித் தரும் வரைக்கும் காத்திருக்காதவை. ஆனால் உங்கட அலுமாரியை அவர்களாலும் திறக்க முடியாது.

எங்கட வீட்டில் ஊரிலிருந்து வந்த படங்கள் பன்னிரண்டு. 1995 இடம்பெயர்வில் அம்மம்மா ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தவை. போன மாதம் அம்மாவை இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஃபோனில் பதிந்துகொண்டு. “இது ஆர் அம்மா?” “அது எங்கட கணக்கு வாத்தியார்.” “பேர்?” “பேர்... வாத்தியார் எண்டுதான் கூப்பிடுவம். பொறு பிள்ளை, பெரியம்மாவுக்குத் தெரியும்.” பெரியம்மா டொரண்டோவில். வாட்ஸ்அப்பில் அனுப்பி, பேர் வந்தது. பன்னிரண்டில் ஒன்பதுக்கு இப்போது பேர் இருக்கிறது. படங்களை ஸ்கேன் பண்ணினது ஒரு மணித்தியாலம், பேர் தேடினது மூன்று கிழமை.

கசெட்டுக்கு இன்னும் அவசரம். 2015இல் பிரிட்டிஷ் நூலகம் தன் ஒலிப்பதிவுகளைப் பற்றிச் சொன்ன கணக்கு, காப்பாற்ற இன்னும் 15 வருஷம் அளவில்தான். அவுஸ்திரேலியத் தேசியக் காப்பகம் அதைவிட இறுக்கமாக, காந்த நாடாவுக்கு 2025ஐக் கெடுவாக வைத்தது. நாடாவில் இருக்கிற ஒட்டு இளகுகிறது, அது ஒன்று. ஓட்டுகிற இயந்திரம் இல்லாமல் போவது மற்றது. கடைசியாக வீ.சீ.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. ஊர்க் கசெட்டும் லண்டன் கசெட்டும் பால் முறையில் பதிந்தவை, இங்கேயுள்ள பழைய வீ.சீ.ஆரில் ஓடும். கனடாச் சித்தப்பா அனுப்பின கலியாண வீடியோ என்.டி.எஸ்.சி.யாக இருக்கலாம். மாற்றக் கொடுக்கிற இடத்தில் இதை முதலே சொல்லுங்கோ. பூஞ்சணம் பிடித்த கசெட்டை வீட்டில் போட்டுப் பார்க்காதீங்கோ, நாடாவும் போகும், இயந்திரமும் போகும். மாற்றின பிறகு கசெட்டை எறியவும் வேண்டாம்.

பிறகு கொப்பிகள். படப்பிடிப்பாளர்கள் பழகிற கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று: மூன்று கொப்பி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். ஒரே கிளவுட் கணக்கில் மூன்று ஃபோல்டர் போட்டால் அது ஒரு கொப்பிதான். பாஸ்வேர்ட் போனால் மூன்றும் போகும். எனது ஒரு டிரைவ் பெரியம்மா வீட்டில் இருக்கிறது, அவவின்ட ஒன்று என்னட்ட. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்: ஆர், எங்கே, எப்ப, ஆர் சொன்னது. யூனிகோட் தமிழில். விசேஷ ஆப் எதுவும் தேவையில்லை. ஆப்புகளின் ஆயுள் லேசர் டிஸ்க்கை விடக் குறைவு. படத்தில் இருக்கிற உயிரோட உள்ள ஆட்களைக் கேட்காமல் பொதுவில் போடாதீங்கோ. ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கினம்.

கடைசியாகக் கனபேருக்குத் தெரியாத ஒரு சட்டம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த நாட்டில் அச்சிட்டு வெளியிடுகிற எந்த வெளியீட்டிலும் ஒரு பிரதியை ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்குக் கொடுக்க வேணும். பெரிய பதிப்பகத்துக்கு மட்டும் இல்லை. ஆர்ச்வே ரோட்டில் முருகன் கோயில் 1986இலிருந்து இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து லண்டன் முழுக்கக் கோயில்களும், தமிழ்ப் பள்ளிகளும், பழைய மாணவர் சங்கங்களும் எத்தனை மலர் அடித்திருக்கும்? நீங்கள் இருக்கிற சங்கத்தில் இந்த வருஷ மலர் வரும்போது செயலாளர் அங்கிளிட்டக் கேளுங்கோ, ஒரு பிரதி அங்கே போட்டுதா எண்டு. போகாவிட்டால் தபால் செலவுதான். இன்னொரு பிரதி நூலகம் திட்டத்துக்கு, ஆசிரியர்களின் அனுமதியோட. மூன்றாவது உங்கட அலுமாரியில்.

அடுத்த மடலில் பாமினியை யூனிகோடாக மாற்றுவதைப் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு உண்மையான ஃபைல் ஒன்று தேவை. ஆரிட்டயாவது ஃப்ளொப்பியிலோ சீடியிலோ பழைய மலர் ஒன்று கிடந்தால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, ஆர்ச்வே ஸ்டேஷன் வாசலில் வந்து நானே வாங்கிக்கொள்ளுறன். ஃப்ளொப்பி டிரைவ் என்னட்ட இருக்கு.